விஎம்முக்கும் சேமிப்பகச் சர்வருக்கும் இடையே தனி நெட்வொர்க் வேலை செய்யாதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாப் பதில்களுக்கும் ஒரே அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி, அதாவது விஎம். அதற்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள். முதல் கார்டு இணையத்தைப் பார்க்கிறது, முகவரி 192.168.10.50. இரண்டாவது கார்டு சேமிப்பகத்துக்கென்றே ஒதுக்கிய தனி நெட்வொர்க்கில் இருக்கிறது, முகவரி 10.20.30.50, மாஸ்க் (எந்த முகவரிகள் அக்கம்பக்கம் என்று சொல்லும் எண்) 255.255.255.0. சேமிப்பகச் சர்வரின் முகவரி 10.20.30.10. கோப்புகள் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாக வருகின்றன. விஎம்மைத் தாங்கும் இயந்திரத்தை ஹோஸ்ட் என்கிறேன்.

பழுது எதுவானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு, எந்த வாசல் வழியாகப் புறப்பட்டது, எதுவரை போனது? இதற்குப் பதில் தெரிவதற்கு முன் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். மறுதொடக்கம் செய்வதும் மாற்றத்தில்தான் சேரும். அது தடயத்தை அழித்துவிடும்.

விஎம்மில் இணையம் வேலை செய்கிறது, சேமிப்பகம் மட்டும் எட்டவில்லை. எங்கே தொடங்குவது?

விஎம்முக்குள்ளேயே தொடங்குங்கள். இரண்டாவது கார்டை ஹோஸ்ட் பக்கத்தில் சேர்த்துவிட்டு, இயங்குதளத்துக்குள் அதற்கு முகவரி தர மறந்துபோவதுதான் நான் அதிகம் பார்த்த பழுது. மேலாண்மைப் பக்கத்தில் 10.20.30.50 என்று பளிச்சென்று தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் கார்டு முகவரியில்லாமல் கிடக்கும்.

முகவரி இருக்கிறதென்றால் அடுத்தது பாதை. லினக்ஸில் ‘ஐபி ரூட் கெட்’ கட்டளையுடன் 10.20.30.10 என்று கொடுங்கள். அந்த முகவரிக்குப் போகும் பாக்கெட் எந்தக் கார்டு வழியாக, எந்த மூல முகவரியுடன் புறப்படும் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த வரியில் இரண்டாவது கார்டின் பெயரும் 10.20.30.50 என்ற மூல முகவரியும் இருக்க வேண்டும். 192.168.10.50 என்று வந்தால் பாக்கெட் தவறான வாசலில் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்விட்சை நோண்டுவதில் பயனில்லை.

முகவரி 169.254 என்று தொடங்குகிறதே?

முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் கணினி தானே சூட்டிக்கொண்ட முகவரி அது. சேமிப்பக நெட்வொர்க்கில் பெரும்பாலும் டிஎச்சிபி வைப்பதில்லை. நிலையான முகவரியைக் கையால் கொடுங்கள்.

பிங் போகிறது, ஆனால் மவுண்ட் ஆகவில்லை (சேமிப்பகம் விஎம்மில் ஓர் அடைவாக இணையவில்லை). நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது?

பிங் போனால் ஒரு சின்ன ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் சோதனை, பிழைச் செய்தி வகை) பாக்கெட் போய்த் திரும்பியது என்று மட்டுமே பொருள். என்எஃப்எஸ் பேசுவது டிசிபி போர்ட் 2049இல்; போர்ட் என்பது சேவையின் கதவு எண். வட்டையே பகிரும் ஐஸ்கஸி என்றால் 3260, விண்டோஸ் கோப்புப் பகிர்வான எஸ்எம்பி என்றால் 445. என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பானால் போர்ட் 111உம் மவுண்ட் சேவையின் போர்ட்டும் கூடவே திறந்திருக்க வேண்டும். அந்த மவுண்ட் சேவை, நீங்கள் கட்டிப்போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு போர்ட்டில் உட்காரும். நான்காம் பதிப்புக்கு 2049 ஒன்றே போதும். ஃபயர்வால் விதி எழுதும் கைக்கு அதுவே பெரிய நிம்மதி.

போர்ட்டைச் சோதிக்க ‘நெட்கேட்’ போன்ற கருவியால் 2049ஐத் தட்டிப் பாருங்கள். வரும் பிழைச் செய்தியை ஊன்றிப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு.

‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்றால் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள், அல்லது பதில் திரும்பி வர வழியில்லை. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் மகிழுங்கள். பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே அந்தப் போர்ட்டில் சேவை ஓடவில்லை என்பதுதான் சிக்கல். ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ பலரைத் திசைதிருப்பிவிடும். பெயரைப் பார்த்து ரூட்டிங் அட்டவணையைத் தோண்டப் போவார்கள். ஒரே சப்நெட்டுக்குள், அதாவது அதே முகவரி வரம்புக்குள், இந்தச் செய்தி வந்தால், எதிர்முனைக் கார்டின் வன்பொருள் முகவரியான மேக் முகவரி கிடைக்கவில்லை என்பது ஒரு வாய்ப்பு. பிங் போகும்போதே இந்தச் செய்தி வந்தால், எதிர்ப்பக்க ஃபயர்வால் ‘அனுமதியில்லை’ என்று ஐசிஎம்பி மூலம் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். லினக்ஸ் அதையும் இதே வார்த்தைகளில்தான் சொல்லும்.

‘அக்சஸ் டினைடு பை சர்வர்’ வந்தால் நெட்வொர்க் தன் வேலையை முடித்துவிட்டது. சிக்கல், யாருக்கு எந்த அடைவு என்று சொல்லும் சேமிப்பகத்தின் எக்ஸ்போர்ட்ஸ் பட்டியலில்.

அந்தப் பட்டியலில் என் விஎம்மின் முகவரி இருக்கிறது. இருந்தும் அனுமதி மறுக்கிறதே?

சர்வர் கண்ணுக்கு உங்கள் விஎம் எந்த முகவரியாகத் தெரிகிறது என்று பாருங்கள். பட்டியலில் 10.20.30.50 இருக்கும், விஎம் முதல் கார்டு வழியாகப் போய் 192.168.10.50 என்று கதவைத் தட்டியிருக்கும்.

இன்னொரு காரணம் நுணுக்கமானது. லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வர், இயல்பாக, 1024க்குக் கீழுள்ள மூலப் போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும். நடுவில் முகவரியை மாற்றி எழுதும் நாட் இருந்தால் மூலப் போர்ட் 1024க்கு மேல் மாறிவிடலாம். அப்படி மாறினால் முகவரி சரியாக இருந்தும் கதவு திறக்காது. ‘இன்செக்யூர்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் திறக்கும். ஆனால் சேமிப்பகத்துக்கென்று தனி நெட்வொர்க் போட்டுவிட்டு நடுவில் நாட் வைத்திருப்பது ஏன் என்று முதலில் கேளுங்கள். பட்டியலை மாற்றிய பின் எக்ஸ்போர்ட்டை மறுபடி ஏற்ற மறவாதீர்கள்; கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது.

பிங்கே போகவில்லை.

பிங் அடித்த கையோடு ‘ஐபி நெய்பர்’ கட்டளையால் ஆர்ப் அட்டவணையை, அதாவது எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் என்ற பட்டியலைப் பாருங்கள். 10.20.30.10க்கு நேராக ஒரு மேக் முகவரி இருக்கிறதா, அல்லது ‘இன்கம்ப்ளீட்’, ‘ஃபெய்ல்டு’ என்று இருக்கிறதா?

மேக் கிடைக்கவில்லை என்றால் இரண்டு இயந்திரங்களும் ஒரே கம்பியில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் குற்றவாளி விலான்தான், அதாவது ஒரே ஸ்விட்சை எண் கொடுத்துப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை. விஎம்மின் கார்டு ஹோஸ்ட்டில் எந்த மெய்நிகர் ஸ்விட்சில், எந்த விலான் எண்ணில் மாட்டியிருக்கிறது? ஹோஸ்ட்டின் கம்பி போய்ச் சேரும் ஸ்விட்ச் போர்ட் அந்த எண்ணை அனுமதிக்கிறதா? ஹோஸ்ட்டும் விலான் எண்ணை டேக்காக ஒட்டி, விஎம்முக்குள்ளும் டேக் ஒட்டினால் பாக்கெட் இரட்டை முத்திரையுடன் போகும். யாரும் அதைச் சீந்த மாட்டார்கள். டேக் ஒட்டும் வேலை ஒரே இடத்தில் நடக்கட்டும். என் விருப்பம் ஹோஸ்ட் பக்கம். விஎம்முக்கு விலான் என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

மேக் கிடைத்தும் பிங் வரவில்லையா? அப்படியானால் எதிர்முனை ஐசிஎம்பியைத் தடுக்கிறது, அல்லது பதில் வேறு வழியில் போகிறது. பிங்கை விட்டுவிட்டு 2049ஐத் தட்டுங்கள்.

என் விஎம் எட்டவில்லை. அதே நெட்வொர்க்கில் பக்கத்து விஎம் எட்டுகிறது. எப்படி?

மூன்று காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் மாஸ்க். சேமிப்பகத்தில் யாரோ 255.255.255.128 என்று போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பகத்தின் கணக்கில் தன் அக்கம்பக்கம் 10.20.30.127 உடன் முடிந்துவிடும். 50ஆம் எண் விஎம் எட்டும். 150ஆம் எண் விஎம் அனுப்புவது போய்ச் சேரும், ஆர்ப் பதில்கூட வரக்கூடும். ஆனால் பிங்குக்கான பதிலைச் சேமிப்பகம் ‘இது வெளியூர்’ என்று, வெளி நெட்வொர்க்குகளுக்கு வழிவிடும் கேட்வேயிடம் கொடுத்துவிடும். எட்டும் முகவரிகளையும் எட்டாதவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 127க்கும் 128க்கும் நடுவே கோடு விழுந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

கோடு எதுவும் விழாமல் ஒன்று விட்டு ஒன்று வேலை செய்கிறது என்றால், ஹோஸ்ட்டிலிருந்து ஸ்விட்சுக்கு இரண்டு கம்பிகள் பிணைத்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிணைப்பில் ஒவ்வொரு இணைப்பும் முகவரிக் கணக்கின்படி ஏதாவது ஒரு கம்பியில் போகும். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் விலான் அனுமதி விட்டுப்போனால், அந்தக் கம்பியில் விழுந்த விஎம்கள் மட்டும் ஊமையாகிவிடும். தற்காலிகமாக ஒரு கம்பியைப் பிடுங்கினால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அதை வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

மூன்றாவது, குளோன். ஒரு விஎம்மை நகலெடுக்கும்போது மேக் முகவரியோ ஐபி முகவரியோ அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அடையாளம், இணைப்பு சில நிமிடம் வரும், சில நிமிடம் போகும். சந்தேகம் இருந்தால் ‘ஆர்பிங்’ கொண்டு அந்த முகவரியைக் கூப்பிடுங்கள். இரண்டு வேறு மேக் முகவரிகள் பதில் சொன்னால் திருடன் அகப்பட்டான். மேக்கின் தொடக்க எண்களே வந்தது யார் என்று காட்டும்: 52:54:00 என்றால் பெரும்பாலும் கேவிஎம் விஎம், 00:50:56 என்றால் விஎம்வேர்.

மவுண்ட் ஆகிறது, கோப்புப் பட்டியலும் வருகிறது. பெரிய கோப்பை நகலெடுத்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. ஏன்?

எம்டியு. ஒரு கார்டு ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு அது. இந்த அறிகுறியைக் கேட்டதும் பத்துக்கு ஒன்பது முறை வேறு யோசனையே எனக்கு வருவதில்லை.

வேகத்துக்காகச் சேமிப்பக நெட்வொர்க்கில் 1500 பைட்டுக்குப் பதிலாக 9000 பைட் ஜம்போ ஃபிரேம் வைப்பது வழக்கம். விஎம்மில் 9000, சேமிப்பகத்தில் 9000 என்று இரு முனையிலும் மாற்றிவிடுவார்கள். நடுவில் ஏதோ ஓரிடத்தில் 1500 தங்கிவிடும். இணைப்பு தொடங்கும் பாக்கெட்டுகள் சிறியவை, தாண்டிவிடும். நான்கு கோப்புகள் உள்ள அடைவின் பட்டியலும் தாண்டிவிடும். ஆயிரம் கோப்புகள் உள்ள அடைவைத் திறந்தாலோ கோப்பை எழுதத் தொடங்கினாலோ முழு அளவுப் பாக்கெட் புறப்படும். நடுவில் இருப்பவன் அதைக் குப்பையில் போட்டுவிடுவான். ஒரே சப்நெட் என்பதால் ‘பாக்கெட் பெரிது, சிறிதாக்கு’ என்று திருப்பிச் சொல்ல வழியில் ரூட்டரும் இல்லை. டிசிபி அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதை இரண்டு பிங்கில் கண்டுபிடிக்கலாம். ‘துண்டாக்காதே’ என்ற விருப்பத்துடன் 1472 பைட் தரவு அனுப்புங்கள். 20 பைட் ஐபி தலைப்பு, 8 பைட் ஐசிஎம்பி தலைப்பு சேர்ந்து சரியாக 1500. பிறகு 8972 அனுப்புங்கள். அதே 28ஐக் கூட்டினால் 9000. முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் பழுது இதுதான். எப்படி வரவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘மெசேஜ் டூ லாங்’ என்று உடனே முகத்தில் அடித்தாற்போல் வந்தால் உங்கள் சொந்தக் கார்டே 1500இல் இருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லாமல் திரை வெறித்துப் பார்த்தால் நடுவழியில் இழக்கிறீர்கள்.

நடுவழி என்றால் எது? விஎம்மின் கார்டு, ஹோஸ்ட்டில் அதற்கு இணையான டேப் கார்டு, பிரிட்ஜ் அல்லது மெய்நிகர் ஸ்விட்ச், ஹோஸ்ட்டின் நிஜக் கார்டு, பிணைப்பு இருந்தால் அது, ஸ்விட்சின் இரு போர்ட்டுகள், சேமிப்பகத்தின் கார்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எம்டியு. நான் ஒரு முறை ஓர் இரவு முழுவதும் ஸ்விட்சைச் சந்தேகித்து உட்கார்ந்திருந்தேன். ஸ்விட்ச் 9216 வரை அனுமதித்துக்கொண்டு அப்பாவியாக இருந்தது. விடியும் நேரத்தில் ஹோஸ்ட்டின் கார்டு பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தபோது, அந்த விஎம்மின் டேப் கார்டு மட்டும் 1500இல் நின்றுகொண்டிருந்தது. முந்தைய நாள் விஎம்மை அணைத்து எழுப்பியதில் புதிதாகப் பிறந்த கார்டு அது. நான் கையால் போட்ட 9000 பழையதோடு போய்விட்டது.

ஒரு முனையில் 1500, மறுமுனையில் 9000 என்று இருந்தால் டிசிபி பிழைத்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே இருவரும் தங்கள் அளவைச் சொல்லிக்கொண்டு சிறியதற்கு ஒத்துப்போவார்கள். இருபுறமும் பெரிது, நடுவில் சிறிது என்பதுதான் ஆபத்தான சேர்க்கை.

விஎம் நெட்வொர்க், ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் சுற்றி அனுப்பும் விஎக்ஸ்லான் மேல் ஓடுகிறது என்றால் ஜம்போ எதுவும் போடாமலே இதே பழுது வரும். விஎக்ஸ்லான் உறை 50 பைட்டைத் தின்றுவிடும். கீழே 1500 என்றால் விஎம்முக்கு 1450தான் மிச்சம்.

அப்படியானால் 9000 வேண்டவே வேண்டாமா?

வழியில் உள்ள எல்லாப் பெட்டியும் உங்கள் கையில் இருந்தால் வையுங்கள். ஒன்றாவது அடுத்தவர் கையில் இருந்தால் 1500இல் நிம்மதியாக இருங்கள்.

நேற்று வரை ஓடியது. எதையும் மாற்றவில்லை.

நீங்கள் மாற்றவில்லை. விஎம் வேறு ஹோஸ்ட்டுக்கு இடம்பெயர்ந்திருக்கலாம். அந்த ஹோஸ்ட்டின் ஸ்விட்ச் போர்ட்டில் சேமிப்பக விலான் சேர்க்கப்படாமல் இருக்கலாம். நிகழ்வுப் பதிவில் இடப்பெயர்வு நேரத்தையும் பழுது தொடங்கிய நேரத்தையும் ஒப்பிடுங்கள். பழைய ஹோஸ்ட்டுக்குத் திருப்பி அனுப்பினால் வேலை செய்கிறது என்றால் வழக்கு முடிந்தது.

எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது. தனி நெட்வொர்க்கில் போக்குவரத்தே தெரியவில்லை.

பெயர் வைத்து மவுண்ட் செய்கிறீர்களா? அந்தப் பெயருக்கு, பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ், முதல் நெட்வொர்க்கின் முகவரியைத் தந்துகொண்டிருக்கும். சேமிப்பகத்துக்கும் இரண்டு கால்கள் இருக்கும்போது இது சகஜம். தனி நெட்வொர்க்குக்கு வேறு பெயர் வையுங்கள், அல்லது ஹோஸ்ட்ஸ் கோப்பில் 10.20.30.10ஐ எழுதுங்கள்.

இரண்டு கார்டுக்கும் இரண்டு இயல்புக் கேட்வே கொடுப்பது இதைவிட மோசம். கேட்வே முதல் கார்டில் மட்டும் இருக்கட்டும். சேமிப்பகம் ஒரே சப்நெட்டில் இருந்தால் இரண்டாவது கார்டுக்குக் கேட்வே தேவையே இல்லை. வேறு சப்நெட்டில் இருந்தால் அந்தச் சப்நெட்டுக்கு மட்டும் ஒரு நிலையான பாதை சேருங்கள். போவது ஒரு கார்டு, வருவது மறு கார்டு என்று ஆனால், பாக்கெட் சரியான கார்டில்தான் வந்ததா என்று சோதிக்கும் லினக்ஸின் ‘ஆர்பி ஃபில்டர்’ அமைப்பு 1இல் இருக்கும்போது வந்த பதிலைத் தானே தூக்கி எறிந்துவிடும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் பதில் வருவது கண்ணுக்குத் தெரியும், நிரலுக்குப் போய்ச் சேராது. முதல் முறை பார்ப்பவருக்குப் பேய் பிடித்தது போல் இருக்கும்.

டாக்கர் நிறுவிய பிறகு சேமிப்பகம் காணாமல் போய்விட்டது.

சேமிப்பகத்தின் முகவரி 172 என்று தொடங்குகிறதா? நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் இயல்பாக 172.17.0.0/16 வரம்பை எடுத்துக்கொள்ளும். கூடுதல் நெட்வொர்க்குகள் உருவாக உருவாக 172.18, 172.19 என்று நகரும். சேமிப்பகமும் அந்த வரம்பில் இருந்தால் பாக்கெட் விஎம்முக்குள்ளேயே டாக்கரின் பிரிட்ஜுக்குப் போய்ச் செத்துவிடும். முன்பு சொன்ன ‘ஐபி ரூட் கெட்’ இதையும் காட்டிக்கொடுக்கும். டாக்கருக்கு வேறு வரம்பு ஒதுக்குங்கள்.

டாக்கரை விஎம்மில் இல்லாமல் ஹோஸ்ட்டிலேயே நிறுவினால் வேறு வினை. அது ஃபார்வேர்டு விதியின் இயல்பை ‘டிராப்’ ஆக்கிவிடும். பிரிட்ஜ் போக்குவரத்தும் லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் வழியாகப் போகும்படி அமைந்திருந்தால் எல்லா விஎம்களும் ஒன்றாக மூச்சடைக்கும்.

ஐஸ்கஸியில் டார்கெட்டை (சேமிப்பகம் தரும் வட்டை) விஎம் கண்டுபிடிக்கிறது, லாகின் மட்டும் டைம் அவுட் ஆகிறது.

கண்டுபிடிப்புக்குப் பதிலாகச் சேமிப்பகம் தன் எல்லா முகவரிகளையும் பட்டியலாகத் தந்துவிடும். அதில் விஎம் எட்டவே முடியாத மேலாண்மை முகவரியும் இருக்கும். விஎம் அதையும் முயன்று காத்துக் கிடக்கும். வேண்டாத போர்ட்டலை, அதாவது அந்த முகவரியை, விஎம் பக்கத்தில் நீக்குங்கள். முடிந்தால் சேமிப்பகத்திலேயே அந்தக் கார்டில் ஐஸ்கஸியை நிறுத்துங்கள்.

சேமிப்பகம் அறுந்தவுடன் விஎம் முழுவதும் உறைகிறது. ‘டிஎஃப்’ கட்டளைகூடத் திரும்புவதில்லை.

என்எஃப்எஸ் மவுண்ட் இயல்பாகவே ‘ஹார்ட்’ வகை. சர்வர் வரும்வரை விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அதைத் தொட்ட ஒவ்வொரு நிரலும் அசையாமல் நிற்கும், லோடு எண் ஏறிக்கொண்டே போகும். சிபியு சும்மா இருக்கும். உள்வட்டுகளை மட்டும் பார்க்க ‘டிஎஃப்’ உடன் எல் விருப்பத்தைச் சேருங்கள்.

‘சாஃப்ட்’ ஆக மாற்றும் யோசனை எல்லோருக்கும் வரும். எழுதும் தரவு இருக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள். பாதி எழுதிய கோப்பில் பிழை திரும்பும். அதைக் கவனிக்காத நிரல், தரவைக் கெடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடும். உறைவது எரிச்சல்தான், ஆனால் தரவு பிழைக்கும். விஎம் எழும்போதே தொங்குகிறது என்பது சிக்கலானால், மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியில் ‘நோஃபெயில்’, ‘நெட்டெவ்’ (_netdev) விருப்பங்களைச் சேருங்கள். சேமிப்பகத்தை மறுதொடக்கம் செய்த பின் ஒன்றரை நிமிடம் போல எழுதுவது தொங்கினால் பதற வேண்டாம். லினக்ஸ் சர்வரில் என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு, பழைய பூட்டுகளை அவரவர் மீட்டுக்கொள்ள 90 நொடி அவகாசம் தருகிறது.

சோதனைக்காக ஃபயர்வாலை முழுக்க அணைத்துப் பார்க்கலாமா?

தடுக்கப்பட்ட பாக்கெட்டைப் பதிவு செய்யும் விதியை வைத்தாலே விடை தெரிந்துவிடும். அணைத்தவர்கள் திரும்ப இயக்க மறந்த கதைகள் நிறைய.

டிசிபிடம்ப்பை எங்கே வைப்பது, எதைப் பார்ப்பது?

இரு முனையிலும் ஒரே நேரத்தில். ஒரு முனையில் மட்டும் பார்ப்பது கதவின் ஒரு பக்கம் நின்றுகொண்டு ஊகிப்பது போல. விஎம்மின் இரண்டாவது கார்டில் ஒன்று, சேமிப்பகத்தின் கார்டில் ஒன்று, இரண்டிலும் போர்ட் 2049ஐ வடிகட்டுங்கள். விஎம்மில், இணைப்பைத் தொடங்கும் ‘சின்’ பாக்கெட் திரும்பத் திரும்பப் புறப்படுகிறது, சேமிப்பகத்தில் எதுவும் வரவில்லை என்றால் நடுவழியில் இழப்பு. ஹோஸ்ட்டின் டேப் கார்டிலும் நிஜக் கார்டிலும் பார்த்து இடத்தைச் சுருக்குங்கள். சேமிப்பகத்துக்கு வந்து, பதில் புறப்படவில்லை என்றால் அங்கே ஃபயர்வால் அல்லது ஆர்பி ஃபில்டர். பதில் புறப்பட்டும் விஎம்முக்கு வரவில்லை என்றால் திரும்பும் பாதை.

அனுப்பும் பக்கத்தில் ‘செக்சம் தவறு’ என்று வரிவரியாக வரும். பயப்படாதீர்கள். பாக்கெட் கெட்டதா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சத்தின் கணக்கைக் கார்டிடம் ஒப்படைத்திருப்பதால், டிசிபிடம்ப் பார்க்கும் நேரத்தில் அது இன்னும் போடப்படவில்லை.

நெட்வொர்க் குழுவிடம் புகார் கொடுக்கும்போது என்ன எழுத வேண்டும்?

‘சேமிப்பகம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். இப்படி எழுதுங்கள்: “10.20.30.50இலிருந்து 10.20.30.10இன் போர்ட் 2049க்குச் சின் பாக்கெட் ஹோஸ்ட்டின் இரண்டாவது கம்பியில் விலான் 30 டேக்குடன் வெளியேறுகிறது. அதே நேரத்தில் சேமிப்பகத்தின் கார்டில் அது வந்து சேரவில்லை. முதல் கம்பியில் சிக்கல் இல்லை. இரண்டாவது கம்பி மாட்டியிருக்கும் போர்ட்டில் விலான் 30 அனுமதிக்கப்பட்டிருக்கிறதா?” கூடவே நேரத்தையும் இரு மேக் முகவரிகளையும் சேருங்கள், ஸ்விட்சின் அட்டவணையில் அவர்கள் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.